கைக்குழந்தைக்கு எதற்குத் தெரபி? தோழிக்காகக் கேட்கிறேன்

#1 தென்றல்வீடு

வணக்கம். ஒரு தோழிக்காகக் கேட்கிறேன், அவளிடம் சொல்லிவிட்டுத்தான். இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கிறாள், ஐந்து மாத ஆண் குழந்தை. அவள் பெற்றோரிடம் வளர்ந்தவள் இல்லை. இந்த வீட்டில் கொஞ்ச நாள், அந்த வீட்டில் கொஞ்ச நாள் என்று யார் யாரிடமோ வளர்ந்தாள். குழந்தையின் தகப்பன் இப்போது அவளோடு இல்லை. கை நீட்டும் ஆள், போனதே நல்லது.

குழந்தைக்குப் பால், குளியல், துணி எதிலும் அவள் குறை வைப்பதில்லை. ஆனால் அவனிடம் பேசுவதே இல்லை. பால் கொடுக்கும்போது அவன் ஒரு பக்கம் பார்க்கிறான், இவள் ஒரு பக்கம் பார்க்கிறாள். கேட்டால், "அவனுக்கு என்னைப் பிடிக்கல, முகத்தைத் திருப்பிக்கிறான் பாரு" என்கிறாள். தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் இதைக் கவனித்து, தாயும் சேயும் சேர்ந்து போகும் தெரபிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இரண்டு கேள்விகள். பேச்சே வராத குழந்தையை உட்காரவைத்து என்ன தெரபி செய்வார்கள்? அப்புறம், போனால் "இவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தகுதியில்லை" என்று எழுதிவைத்து, குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களா? இரண்டாவது கேள்விதான் அவளை ராத்திரியில் தூங்கவிடாமல் செய்கிறது.

#2 ஆலமரம்67

தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் அம்மா ஏழு பேரைப் பெற்று வளர்த்தார், ஒரு தெரபிக்கும் போகவில்லை. கூட நாலு பேர் இருந்தால் எல்லாம் தானாகச் சரியாகும். எதற்கெடுத்தாலும் வியாதிப் பெயர் வைப்பது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது.

#3 மழைக்குருவி

அந்த நாலு பேருக்கு எங்கே போவது அண்ணா? அவர்கள் இல்லாததால்தானே இந்தக் கேள்வியே வந்திருக்கிறது.

#4 வீட்டுக்கு_வருபவள்

நான் இந்த வேலையில் இருப்பவள். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் போய், தாய் தகப்பனோடும் குழந்தையோடும் உட்காருவது என் வேலை. பல வருஷமாகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி. தெரபி குழந்தைக்கு மட்டும் என்றோ தாய்க்கு மட்டும் என்றோ நினைக்காதீர்கள். இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பதுதான் அங்கே பார்க்கப்படுவது. டொனால்ட் வின்னிகாட் என்ற குழந்தை மருத்துவர், தனியாகக் குழந்தை என்று ஒன்றே கிடையாது, குழந்தையைப் பார்த்தால் கூடவே அதைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரையும் பார்ப்பீர்கள் என்பார். அதுதான் அடிப்படை.

ஐந்து மாதக் குழந்தைக்குப் பேச்சு வராதே தவிர, அது சும்மா இருப்பதில்லை. 1970களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். தாய் வழக்கம்போலக் குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருப்பாள். பிறகு சில நிமிஷம் மட்டும் எந்த உணர்ச்சியும் காட்டாமல் முகத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். கையை நீட்டும். சத்தம் கொடுக்கும். எதுவும் பலிக்கவில்லை என்றால் உடம்பு தளர்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உங்கள் தோழி சொல்வதைக் கேட்டதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. முகத்தைத் திருப்புவது "உன்னைப் பிடிக்கவில்லை" என்பதற்கான அடையாளம் இல்லை. இந்த வயதில் குழந்தை தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ள வைத்திருக்கும் சில வழிகளில் அதுவும் ஒன்று. கொஞ்சம் களைப்பாக இருந்தாலும் திருப்பும், வெளிச்சம் அதிகமாக இருந்தாலும் திருப்பும். பயப்பட வேண்டாம். அந்தச் சோதனையிலேயே, தாய் மறுபடி சிரித்துப் பேசத் தொடங்கியதும் கொஞ்சம் சிணுங்கிவிட்டுத் திரும்பி வந்துவிடும்.

ஆனால் சின்ன வயதில் எல்லாரும் வேண்டாம் என்று தள்ளிவிட்ட ஒருத்திக்கு, குழந்தை தலையைத் திருப்பினால் அது பழைய கதையாகத்தான் கேட்கும். "இவனுமா?" என்று. அந்த இடத்தில்தான் தெரபிஸ்ட் உள்ளே வருகிறார்.

இரண்டாவது கேள்விக்கு அப்புறம் வருகிறேன், இப்போது ஒரு வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

#5 மழைக்குருவி

அக்கா வருவதற்குள் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் மூத்தவளுக்கு எட்டு மாதம் இருந்தபோது நானும் போனேன். வீடியோ முறை. நானும் பாப்பாவும் தரையில் விளையாடுவதைப் பத்து நிமிஷம் போல எடுத்தார்கள். அடுத்த தடவை வந்தபோது அதிலிருந்து சில நொடிகளை மட்டும் போட்டுக் காட்டினார்கள்.

திட்டப்போகிறார்கள் என்று நினைத்து வயிற்றைக் கலக்கியது. அவர்கள் ஒரு இடத்தில் நிறுத்தினார்கள். நான் கீழே விழுந்த கட்டையை எடுக்கக் குனிகிறேன். பாப்பா கட்டையைப் பார்க்கவில்லை, என் தலை போகும் பக்கமெல்லாம் அவள் கண்ணும் போகிறது. நான் நிமிர்ந்ததும் வாய் கொஞ்சம் திறக்கிறது, கால் விரலெல்லாம் விரிகிறது. இவ்வளவும் மூன்று நான்கு நொடிக்குள். நேரில் நான் இதைக் கவனிக்கவே இல்லை. "யாரைத் தேடுறா?" என்று கேட்டார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் அழுதுவிட்டேன், அது வேறு கதை.

அவர்கள் காட்டியதெல்லாம் நான் சரியாகச் செய்த இடங்கள்தான். மற்றதை எனக்கே தெரியும் என்று விட்டுவிட்டார்கள் போல.

#6 கணக்குப்பிள்ளை

உணர்ச்சிபூர்வமான அனுபவங்களை மதிக்கிறேன். ஆனால் "எனக்குப் பலித்தது" என்பது வேறு, பலிக்கிறது என்பது வேறு. ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்த்தால் படம் அவ்வளவு தெளிவாக இல்லை.

தாய்–சேய் உளச்சிகிச்சை பற்றி 2015இல் காக்ரேன் தொகுப்பாய்வு ஒன்று வந்தது, அதாவது பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் ஆய்வு. தாயோடு குழந்தையின் பிணைப்பு உறுதிப்படுவதற்குச் சில ஆதாரங்கள் கிடைத்தன. தாயின் மனச்சோர்வில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆய்வுகளும் குறைவு, தரமும் சுமார்.

வீட்டுக்கு நர்ஸ் போகும் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டேவிட் ஓல்ட்ஸ் 1970களின் இறுதியில் நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் தொடங்கியது. கர்ப்ப காலத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை ஒரே நர்ஸ் போவார். பதினைந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது அந்தக் குடும்பங்களில் குழந்தைகள் மீதான கொடுமையும் புறக்கணிப்பும் கணிசமாகக் குறைந்திருந்தன. அதே திட்டத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 2016இல் முடிவு வந்தது, முக்கிய அளவீடுகளில் எந்தப் பயனும் இல்லை. ஒரே திட்டம், இரண்டு நாடுகள், இரண்டு பதில்கள்.

#7 ஆலமரம்67

அப்படிச் சொல்லுங்கள் தம்பி.

#8 வீட்டுக்கு_வருபவள்

கணக்குப்பிள்ளை சொன்னது எதுவும் பொய் இல்லை. ஆனால் ஆலமரம் ஐயா சந்தோஷப்படுகிற அளவுக்கு அதில் எதுவும் இல்லை. இங்கிலாந்தில் அந்தத் திட்டம் இல்லாத தாய்மாருக்கும் ஹெல்த் விசிட்டர் (வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ்), மருத்துவச்சி, இலவச மருத்துவம் எல்லாம் ஏற்கெனவே உண்டு. எல்மைராவில் ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட, திட்டம் கிடைக்காத தாய்மாருக்கு அந்த அளவு இல்லை. ஏற்கெனவே சாப்பிட்டு முடித்தவரிடம் போய் விருந்து எப்படி என்று கேட்டால் வரும் பதில்தான் அது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, பாகிஸ்தானின் கிராமப்புறத்தில் அதிஃப் ரஹ்மானும் குழுவும் செய்த ஆய்வு. மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளிடம் போனது மனநல மருத்துவர்கள் இல்லை, பள்ளிப்படிப்பு முடித்து ஊருக்குள் வேலை பார்க்கும் சுகாதாரப் பணிப்பெண்கள். அவர்களுக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்து, வழக்கமான வீட்டுச் சந்திப்போடு மனதுக்கான பேச்சையும் சேர்த்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, உதவி கிடைத்த தாய்மாரில் 23 விழுக்காட்டினருக்கு மட்டும் மனச்சோர்வு இருந்தது, சாதாரணச் சந்திப்பு மட்டும் கிடைத்தவர்களில் 53 விழுக்காட்டினருக்கு. பின்னாளில் உலக சுகாதார நிறுவனமே இதைக் கையேடாக வெளியிட்டது.

ஆலமரம் ஐயா, நீங்கள் கேட்ட நாலு பேரில் ஒருத்தியைத்தான் அங்கே உருவாக்கியிருக்கிறார்கள்.

#9 கணக்குப்பிள்ளை

அந்த ஆய்வு எனக்கும் தெரியும், உறுதியானது. முழுசாகச் சொல்லுங்கள் ஆனால். குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் அதனால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி அதிகமானது. தாய்க்கு நல்லதாவது எல்லாமே தானாகப் பிள்ளைக்கு வந்து சேராது.

#10 வீட்டுக்கு_வருபவள்

இதை ஒத்துக்கொள்கிறேன். தாயை மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல் இருவரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணமே அதுதான். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துத் தாய் தேறியிருப்பாள், ஆனால் குழந்தையோடு எப்படி இருப்பது என்ற பழக்கம் அந்த மாதங்களில் வேறு மாதிரி படிந்திருக்கும். அது தனியாகச் சரியாக வேண்டிய விஷயம்.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. தென்றல்வீடு, இதை உங்கள் தோழிக்கு அப்படியே படித்துக் காட்டுங்கள்.

உதவி கேட்டு வருவதை நாங்கள் பலவீனமாகக் குறித்துவைப்பதில்லை. எங்கள் கோப்பில் அது பலம் என்ற பக்கத்தில்தான் ஏறும். மனச்சோர்வு இருக்கிறது, பழைய அடிகள் இருக்கின்றன, குழந்தையோடு ஒட்டவில்லை என்றெல்லாம் சொல்வதற்காக யாரும் குழந்தையை எடுத்துக்கொண்டு போவதில்லை. அதே நேரம், எல்லாமே ரகசியமாக இருக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். குழந்தைக்கு உடனடி ஆபத்து என்றால் சொல்லியாக வேண்டும். எது ரகசியம், எது இல்லை என்பதை முதல் சந்திப்பிலேயே விளக்க வேண்டும், அது அவள் உரிமை. விளக்காவிட்டால் அவளே கேட்கட்டும். "நான் சொல்வதை யாரிடம் சொல்வீர்கள்? எழுதுவதை எனக்குக் காட்டுவீர்களா?" இந்த இரண்டு கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லாத ஆளிடம் நானே போக மாட்டேன்.

எங்கள் துறையிலும் குறை இருக்கிறது. வீட்டுக்குள் நுழையும்போதே அலமாரியையும் தரையையும் நோட்டம் விடுகிற ஆட்கள் உண்டு. தாய்க்கு அது உடனே தெரிந்துவிடும், அதற்கப்புறம் அவள் வாயிலிருந்து உண்மை வராது. அவள்மேல் என்ன குற்றம்?

#11 ரெட்டைவால்

ஒரு தகப்பனாகக் குறுக்கே வருகிறேன். எல்லாரும் தாய் தாய் என்கிறீர்கள். எங்கள் இரட்டையர் பிறந்தபோது மனைவிக்கு மூன்றாம் நாளிலிருந்து தூக்கமே இல்லை. ஆனால் களைப்பும் இல்லை, படபடவென்று பேசிக்கொண்டே இருந்தாள். குழந்தைகளை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். வீட்டில் பெரியவர்கள் "பச்சை உடம்பு, சரியாயிடும்" என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். குணமாகிவிட்டாள், இன்றைக்கு இதை நான் எழுதுவது அவளுக்குத் தெரியும்.

ஆனால் அந்த மாதங்களில் என்னிடம் யாருமே "நீ எப்படி இருக்கே" என்று கேட்கவில்லை. வருபவர்கள் எல்லாம் என்னிடம் பையைக் கொடுத்துவிட்டு உள்ளே போவார்கள். கொஞ்ச நாளில் குழந்தை அழுதால் எனக்குக் கோபம்தான் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் நிற்பேன். பயமாக இருந்தது என் மேலேயே.

#12 வீட்டுக்கு_வருபவள்

ரெட்டைவால், நீங்கள் வாசலில் போய் நின்றது சரியான காரியம். கோபம் தலைக்கேறினால் குழந்தையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுச் சில நிமிஷம் வெளியே போவதைத்தான் எல்லாப் பெற்றோருக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். அழுகையால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும். அழுகை பொதுவாக ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டாலே பாதிப் பேருக்குக் கை நடுக்கம் குறைகிறது.

தகப்பன்மாரிலும் பத்தில் ஒருவருக்கு இந்தக் காலத்தில் மனச்சோர்வு வருகிறது. ஆண்களிடம் அது பெரும்பாலும் அழுகையாக வெளியே தெரியாது, எரிச்சலாகவோ வேலையே கதி என்று கிடப்பதாகவோ தெரியும். கேட்காமல் விடுவது எங்கள் தவறுதான்.

மற்றவர்களுக்கும் சேர்த்து ஒன்று. பிரசவமான முதல் இரண்டு வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது மிகப் பெரும்பாலானவர்களுக்கு உண்டு, தானாகப் போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் ரெட்டைவால் விவரித்தது வேறு. ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டு பேருக்கு வரும் பிரசவகால மனப்பிறழ்வு அது. தூங்காமலேயே தெம்பாக இருப்பது, இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கை. அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாளுக்குத் தள்ளக் கூடாது. தெரபி எல்லாம் அதற்கப்புறம்.

#13 நெறியாளர்

தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் இங்கே எழுதிக் காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் ஒருவரைக் கூப்பிடுங்கள், உங்கள் பகுதியின் அவசர எண்ணை அழையுங்கள். விவாதம் தொடரட்டும்.

#14 புதுவரவு_மூன்று

எனக்கு இந்தப் பேச்சு முழுக்கவே ஒரு நெருடல். வாடகை பாக்கி, அடிக்கிற புருஷன், சுவரெல்லாம் ஈரம். இதற்கு நடுவில் ஒருத்தி குழந்தையின் கண்ணைப் பார்க்கவில்லை என்றால், அவள் மனதைச் சரிசெய்ய ஆள் அனுப்புகிறார்கள். சுவரைச் சரிசெய்ய ஆள் வருவதில்லை. ஏழையின் பிரச்சினையை மனநோயாக்குவதும் ஒரு தந்திரம்தான்.

#15 கணக்குப்பிள்ளை

இதற்கு என்னிடம் எண் இல்லை, ஆனால் இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

#16 வீட்டுக்கு_வருபவள்

ஆமாம், நல்ல கேள்வி. இந்த முறையைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் செல்மா ஃப்ரைபெர்க், 1970களில் மிச்சிகனில். அறையில் உட்கார்ந்து ஆட்களை வரவழைக்காமல், அவரும் குழுவினரும் தாங்களே வீடுகளுக்குப் போனார்கள். சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் தெரபி நடந்தது. அதனால்தான் அவர்களால் வாடகையையும் ஈரச் சுவரையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவர் எழுதிய ஒரு தாயின் கதையில், குழந்தை கதறி அழும், தாய் காதிலேயே விழாதவள் போல இருப்பாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் குழந்தையைத் தூக்கு என்று உபதேசம் செய்யவில்லை. இவளுக்கு ஏன் கேட்கவில்லை என்று யோசித்தார்கள். அவள் சின்ன வயதில் அழுத அழுகையை யாரும் கேட்டதில்லை. அதை அவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அவள் தன் பழைய துக்கத்தைச் சொல்லி அழுத பிறகு, தானாகவே குழந்தையை அள்ளி அணைத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

என் அனுபவத்தில் முதல் சில சந்திப்புகள் விண்ணப்பம் நிரப்புவதிலும் வீட்டு உரிமையாளரிடம் போன் பேசுவதிலுமே போய்விடும். அது தெரபி இல்லை என்று எங்கள் மேலதிகாரிகளில் சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. "சொன்னா சொன்னதைச் செய்ற ஆளு இது" என்று அவள் மனதில் பதிவது அப்போதுதான். வாழ்க்கையில் அவளுக்கு அப்படி ஒரு ஆள் அதற்கு முன் இருந்ததே இல்லை என்றால், அதைவிடப் பெரிய சிகிச்சை என்ன?

ஆனால் புதுவரவு, சுவர் காய்ந்த பிறகும் சில வீடுகளில் அந்தக் கண் திரும்புவதில்லை. பணமுள்ள வீடுகளிலும் பார்த்திருக்கிறேன். அடிக்கிற ஆள் போய்விட்டான், அடி உடம்பில் இருக்கிறது. குழந்தை கையை வேகமாக ஆட்டினாலே பதறிப் பின்வாங்குகிற தாயைப் பார்த்திருக்கிறேன். அதைச் சுவர்க்காரர் சரிசெய்ய முடியாது. இரண்டும் வேண்டும், இரண்டும் ஒரே ஆள் வழியாக வந்தால் உத்தமம்.

#17 புதுவரவு_மூன்று

ஒரே ஆள் வழியாக என்பது எழுத நன்றாக இருக்கிறது. அந்த ஆள் வருஷத்துக்கு ஒருமுறை மாறிவிடுகிறாரே.

#18 வீட்டுக்கு_வருபவள்

மாறத்தான் செய்கிறோம். ஒப்பந்த வேலை, கையில் அளவுக்கு மீறிய குடும்பங்கள். கைவிடப்பட்டு வளர்ந்தவளுக்கு மறுபடி ஒரு கைவிடல். இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. குறைந்தபட்சம், போவதற்குச் சில வாரம் முன்பே சொல்லி, அடுத்து வருபவரை நேரில் கூட்டிவந்து அறிமுகப்படுத்திவிட்டுப் போக வேண்டும். அதைக்கூடச் செய்யாத இடங்கள் உண்டு.

#19 ஆலமரம்67

வியாதிப் பெயர் பற்றி நான் சொன்னது அப்படியே இருக்கட்டும். ஆனால் ஒரு சந்தேகம். இதில் தாய் எப்போதும் குழந்தையையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு அசைவுக்கும் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமா? அப்படிப் பார்த்தால் எந்த மனுஷியாலும் முடியாதே.

#20 வீட்டுக்கு_வருபவள்

முடியாது ஐயா, தேவையும் இல்லை. ட்ரோனிக்கே கண்டது, நன்றாக இருக்கும் தாய்–சேய் ஜோடிகள்கூடச் சுமார் 30 விழுக்காடு நேரம்தான் ஒத்துப்போகிறார்கள். மிச்ச நேரம் தவறவிடுவதும் மறுபடி பிடிப்பதுமாகவே போகிறது. அந்த மறுபடி பிடிப்பதில்தான் குழந்தை தேறுகிறது. "தப்பிப்போனாலும் திரும்பி வரும்" என்று அதற்கு நம்பிக்கை வருகிறது. தோழியிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். நாள் முழுக்கச் சிரிக்க வேண்டாம். துணி மாற்றும்போது அவன் உங்களைப் பார்த்தால், ஒரு வார்த்தை. அவன் திரும்பிக்கொண்டால் விட்டுவிடுங்கள், முகத்தைத் துரத்தாதீர்கள். மறுபடி திரும்புவான், அப்போது நீங்கள் அங்கே இருந்தால் போதும்.

#21 தென்றல்வீடு

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அவளுக்கு இதைப் படித்துக் காட்டினேன். மழைக்குருவியின் பதிவை மட்டும் இரண்டாவது தடவை படிக்கச் சொன்னாள். போகிறேன் என்கிறாள், ஆனால் தனியாக மாட்டாளாம். நான் கூடப் போகலாமா? அங்கே ஒரு தாளில் பத்துக் கேள்வி கொடுப்பார்களாமே, அது பரீட்சையா? குழந்தை தூங்கிப்போனால் என்ன செய்வது?

#22 மழைக்குருவி

தாராளமாகப் போங்கள். நான் என் சித்தியோடு போனேன், ஒன்றும் சொல்லவில்லை.

#23 வீட்டுக்கு_வருபவள்

கூடப் போகலாம். ஆனால் நடுவில் கொஞ்ச நேரம் அவளைத் தனியாகப் பேசவிடுங்கள். அடிவாங்கிய கதையைத் தோழி முன்னால் சொல்லத் தயங்குவார்கள்.

அந்தப் பத்துக் கேள்வி, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உதவும் எடின்பரோ அளவுகோலாக இருக்கும், 1987இலிருந்து புழக்கத்தில் உள்ளது. கடந்த ஏழு நாள் எப்படி இருந்தது என்றுதான் கேட்கும். பாஸ், ஃபெயில் கிடையாது. மதிப்பெண் கூடுதலாக வந்தாலும் நோய் என்று முடிவாகிவிடாது, இன்னும் விரிவாகப் பேச வேண்டும் என்று மட்டுமே அர்த்தம். கடைசிக் கேள்வி தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள், மற்ற எதில் மழுப்பினாலும்.

குழந்தை தூங்கினால் தூங்கட்டும், அன்றைக்கு அவளோடு பேசுவார்கள். அழுதால் இன்னும் நல்லது, அழும்போது என்ன நடக்கிறது என்று சேர்ந்தே பார்க்கலாம்.

முக்கியமாக ஒன்று. சில இடங்களில் இரண்டு தடவை வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுகிறார்கள். யாருக்கு வருவது கஷ்டமோ அவர்கள்தான் இந்த விதியில் மாட்டுகிறார்கள், எனக்கு இதில் உடன்பாடு இல்லை, ஆனால் இருக்கிறது. போக முடியாத நாளில் நீங்களாவது ஒரு போன் போட்டுவிடுங்கள். வீட்டுக்கு வர முடியுமா என்றும் கேளுங்கள், பல இடங்களில் வருவார்கள், யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.